டெட்ராய்ட்டில் ஒரு பாட்டின் தடம்: நாள் குறிப்புகள்

முதல் நாள்: கிராண்ட் பொலிவார்டை நோக்கி

1964 ஆகஸ்ட் 22 தேதியிட்ட பில்போர்ட் இதழின் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் டீன் மார்ட்டினைக் கீழே இறக்கிவிட்டு முதலிடத்தில் ஏறியது ஒரு பாட்டு: சுப்ரீம்ஸ் குழுவின் ‘வேர் டிட் அவர் லவ் கோ’. இரண்டு வாரம் அங்கேயே இருந்தது. பிறகு அனிமல்ஸ் குழுவின் பாட்டு வந்து அதை இறக்கியது. பாடியவர்கள் டயானா ராஸ், மேரி வில்சன், ஃப்ளாரன்ஸ் பேலர்ட் என்ற மூன்று இளம்பெண்கள். எழுதியவர்கள் பிரயன் ஹாலண்ட், லமாண்ட் டோசியர், எடி ஹாலண்ட். இந்த ஒரு பாட்டைப் பிடித்துக்கொண்டு டெட்ராய்ட்டைச் சுற்றுவதுதான் இந்தக் குறிப்புகளின் வேலை. வாகனத் தொழிற்சாலை, பேஸ்பால், எமினெம் எல்லாம் இதில் வராது.

டெட்ராய்ட் விமான நிலையம் ஊருக்குள் இல்லை. ரோமுலஸ் என்ற புறநகரில், நகர மையத்திலிருந்து 30 கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது. டாக்சிதான் வழி என்று நினைத்து முதல் நாளே பெரிய தொகையைக் கொடுக்க வேண்டாம். 2024 மார்ச்சிலிருந்து டாக்ஸ் என்ற நேரடிப் பேருந்து ஓடுகிறது. அதைவிட மலிவு, மிச்சிகன் அவென்யூ வழியாக வரும் ஸ்மார்ட் நிறுவனத்தின் விரைவுப் பேருந்து. நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் 2 டாலரில் வேலை முடிந்துவிடும். நகரப் பேருந்துக்கும் ஸ்மார்ட் பேருந்துக்கும் டார்ட் என்ற ஒரே சீட்டு செல்லும். 2 டாலர் சீட்டு எடுத்தால் நான்கு மணி நேரத்துக்குள் எத்தனை வண்டி வேண்டுமானாலும் மாறலாம். கைபேசியில் எடுத்துவிடுவது உத்தமம். காசாகக் கொடுப்பதென்றால் சரியான சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

தங்க இடம் தேடும்போது ஒரே ஒரு சாலையை மனதில் வையுங்கள்: உட்வர்ட் அவென்யூ. நகர மையம், மிட்டவுன், நியூ சென்டர் மூன்றும் அதன்மேல் வரிசையாக இருக்கின்றன. கியூலைன் என்ற டிராம் காங்கிரஸ் தெருவிலிருந்து கிராண்ட் பொலிவார்ட் வரை 3.3 மைல் ஓடுகிறது, கட்டணம் கிடையாது. அதன் தொல்லை ஒன்றுதான்: தண்டவாளம் பெரும்பாலும் சாலையோரத்தில், மற்ற வண்டிகளோடு கலந்தே போகிறது. யாராவது ஒரு காரைத் தண்டவாளத்தின்மேல் நிறுத்திவிட்டுக் காபி வாங்கப் போனால் டிராம் நின்றுவிடும். முன்பதிவு நேரம் இருக்கிற நாளில் அரை மணி நேரம் முன்னாலேயே கிளம்புங்கள்.

கடைசி நிறுத்தத்தில் இறங்கி மேற்கே நடந்தால், இந்தப் பாட்டை வெளியிட்ட மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் அருங்காட்சியகம் சுமார் 2 கி.மீ. முகவரி 2648 மேற்கு கிராண்ட் பொலிவார்ட். இங்கே எண்கள் மேற்கே போகப் போகக் குறையும். இது தெரியாமல் எதிர்த்திசையில் நடப்பவர்கள் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய தலைமையகமான கெடிலாக் பிளேஸ் 3044, எதிரே ஃபிஷர் கட்டடம் 3011. பிறகு லாட்ஜ் விரைவுச்சாலையின் மேல் பாலம், ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை 2799. கெடிலாக் பிளேஸ் இருக்கும் பக்கமாகவே நடந்தால் சாலையைக் கடக்காமல் 2648-க்கு வந்துவிடலாம். ஃபிஷர் கட்டடத்தின் உள்கூடத்துக்குள் நுழைந்து கூரையைப் பார்த்துவிட்டுப் போங்கள். 1928-இல் ஆல்பர்ட் கான் கட்டியது, பார்க்கக் காசு வேண்டாம். வழியில் கழிப்பறை வசதியும் அங்கேதான்.

பனிக்காலத்தில் இந்த 2 கி.மீ. நடை வேண்டாம். விரைவுச்சாலைப் பாலத்தில் காற்றுக்குத் தடுப்பே இல்லை. மே முதல் அக்டோபர் வரை நடக்கலாம்.

இரண்டாம் நாள்: பாம்புக்குழி

வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு சாதாரண இரண்டு மாடி வீடு. முன்பக்கப் பெரிய கண்ணாடிச் சன்னலுக்குமேல் நீல எழுத்தில் ‘ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ.’ என்று எழுதியிருக்கும். மோட்டவுனைத் தொடங்கிய பெர்ரி கோர்டி 1959-இல் இதை வாங்கினார். அதற்குமுன் அவர் லிங்கன்-மெர்க்குரி தொழிற்சாலையில் கூலிக்கு வேலை பார்த்தவர். தொழில் தொடங்கக் குடும்பச் சேமிப்புச் சங்கத்திலிருந்து 800 டாலர் கடன் வாங்கியிருந்தார். வீட்டின் பின்புறம் முன்பு ஒரு புகைப்படக்காரரின் கூடம் இருந்தது. அதுதான் ஸ்டுடியோ ‘ஏ’ ஆனது. மாடியில் கோர்டி குடும்பத்தின் குடியிருப்பு. தொழில் வளர வளர இதே சாலையில் மேலும் 7 வீடுகள் வாங்கினார்கள். கணக்கு ஒரு வீட்டில், பாட்டு உரிமை ஒரு வீட்டில், நடை உடை பாவனை சொல்லித்தருவது இன்னொரு வீட்டில். 1985-இல் கோர்டியின் அக்கா எஸ்தர் கோர்டி எட்வர்ட்ஸ் இதை அருங்காட்சியகமாக்கினார். பழைய சாமான் எதையும் தூக்கிப் போடாத அவருடைய குணம்தான் இன்று நமக்குக் கிடைத்திருக்கும் லாபம்.

நுழைவுச்சீட்டை இணையத்திலேயே, நேரம் குறித்து வாங்கிவிடுங்கள். வாசலில் வந்து கேட்டால் கோடைகாலச் சனிக்கிழமைகளில் இடம் கிடைக்காது. வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை. விரிவாக்கக் கட்டுமானமும் நடப்பதால் நேரம் மாறும், கிளம்புமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தனியாகச் சுற்றவிட மாட்டார்கள். வழிகாட்டியோடு குழுவாக, ஒரு மணி நேரம் அளவில். உள்ளே படம் எடுக்க முடியாது என்ற எண்ணத்தோடே போனால் ஏமாற்றம் இருக்காது. குழுவில் முன்னால் நிற்காதீர்கள், நடுவில் நில்லுங்கள். காரணம் கீழே.

மாடி நடைவழியின் கூரையில் ஒரு துளை இருக்கிறது. அதற்குமேல் பரண். பாட்டுக் குரலை ஒரு ஒலிபெருக்கி வழியாக அந்தப் பரணுக்குள் அனுப்பி, அங்கே எதிரொலித்ததை மைக்கில் பிடித்து, மறுபடி நாடாவில் கலப்பார்கள். இன்று மென்பொருளில் ஒரு குமிழைத் திருப்பிச் செய்கிற வேலைக்கு அன்று ஒரு பரணே தேவைப்பட்டது. வழிகாட்டி துளைக்கடியில் நின்று கைதட்டிக் காட்டுவார். குழுவின் முன்வரிசை அதற்குள் தாண்டிப் போயிருக்கும், கடைசி வரிசைக்குச் சரியாகக் கேட்காது. நடுவில் நிற்பவர்களுக்குத் துளைக்கு நேர்கீழே இடம் கிடைக்கும். தட்டலின் முதல் அடி காய்ந்து கேட்கும், அதன் வால் மட்டும் மேலே போய்த் திரும்பி வரும். சுப்ரீம்ஸ் பாட்டில் ராஸின் குரலுக்குப் பின்னால் மெல்லிசாக நிற்கிற ஈரம் இதுதான்.

அடுத்து கட்டுப்பாட்டு அறை. மேசைக்கடியில் தரையைப் பாருங்கள். தாளத்துக்குக் கால் தட்டித் தட்டியே தேய்ந்த இடம் அப்படியே இருக்கிறது. அங்கிருந்து படியிறங்கினால் ஸ்டுடியோ. கூரையிலிருந்து ஒயர்கள் பாம்புபோலத் தொங்கியதால் வாத்தியக்காரர்கள் இதற்குப் ‘பாம்புக்குழி’ என்று பெயர் வைத்தார்கள். 1959 முதல் 1972 வரை மோட்டவுன் பாட்டுகளில் பெரும்பாலானவை இந்தச் சின்ன அறையில்தான் பதிவாயின.

இனி பாட்டுக்கு வருவோம். 1964 ஏப்ரல் 8-ஆம் தேதி இங்கே பதிவானது. அப்போது சுப்ரீம்ஸின் நிலைமை மோசம். 1961 ஜனவரியில் ஒப்பந்தமானவர்கள், வெளிவந்த இசைத்தட்டுகளில் ஒன்றுகூட முதல் 20-க்குள் வரவில்லை. எட்டிய உச்சம் 23. அதற்கடுத்த பாட்டு 93-இல் படுத்தது. கம்பெனிக்குள்ளேயே ‘ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்’ என்று கேலி பேசினார்கள். இந்தப் பாட்டும் அவர்களுக்காகச் செய்ததல்ல. மோட்டவுனுக்கு முதல் பில்போர்ட் முதலிடத்தை 1961-இல் வாங்கிக்கொடுத்த மார்வலெட்ஸ் குழுவுக்காகப் போட்டது. அவர்களுடைய முன்னணிப் பாடகி கிளாடிஸ் ஹார்ட்டன் வேண்டாம் என்றுவிட்டார். தட்டிக் கழிக்கும் நிலையில் சுப்ரீம்ஸ் இல்லை.

சிக்கல் இங்கேதான் வந்தது. மோட்டவுனில் வாத்தியப் பதிவு முதலில், குரல் பிறகு. ஹார்ட்டனின் குரலுக்கு ஏற்ற சுருதியில் வாத்தியங்கள் ஏற்கெனவே நாடாவில் ஏறிவிட்டன. ராஸ் அதுவரை பாடிவந்ததோ அதைவிட உயரத்தில். சுருதியை ஏற்ற வேண்டுமானால் நாடாவை வேகமாக ஓட்ட வேண்டும். ஒரு அரைச்சுரம் ஏற்ற வேகம் கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடும். இரண்டு அரைச்சுரம் என்றால் 12 சதவீதம். இரண்டரை நிமிடப் பாட்டில் 16 நொடி காணாமல் போகும், தாளம் ஓட ஆரம்பிக்கும், சாக்ஸபோன் பொம்மை ஊதல்போல ஆகிவிடும். புதிதாகப் பதிவு செய்யச் செலவாகும், அதுவும் ராசியில்லாத குழுவுக்கு. ஆகவே ராஸ் கீழே இறங்கிப் பாடினார். எரிச்சலோடு பாடினார் என்று டோசியர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தத் தாழ்ந்த, கொஞ்சம் முறைப்பான குரல் பாட்டுக்குப் பொருந்திவிட்டது. குரலை எறியாமல் மைக்குக்குப் பக்கத்தில் பேசுவதுபோலப் பாடும் பாணி அவருக்கு இதிலிருந்து ஒட்டிக்கொண்டது. முன்னணிக் குரலாக மேரி வில்சனைப் போடலாம் என்று எடி ஹாலண்ட் நினைத்ததும் பதிவாகியிருக்கிற செய்தி. மற்ற இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

பின்னணிக் குரலும் இப்படித்தான். டோசியர் முதலில் யோசித்து வைத்திருந்தது இதைவிடச் சிக்கலான பின்பாட்டு. வில்சனும் பேலர்டும் அதற்கு ஒத்துவராததால் அவர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ‘பேபி, பேபி’ என்று திரும்பத் திரும்பச் சொல்லவிட்டார். பேலர்ட் பெருங்குரல்காரர். அவரை இப்படி இரண்டு சொல்லுக்குள் அடைத்தது அநியாயம்தான். ஆனால் இந்தப் பாட்டுக்கு வேறு எதுவும் தேவைப்பட்டிருக்காது.

தொடக்கத்தில் கேட்கிற அந்தக் காலடித் தட்டு, மைக் வல்வானோ என்ற இளைஞர் மரப்பலகைகளை வைத்து எழுப்பியது. ராக் பாட்டுகளில் வழக்கமாக இரண்டாம், நான்காம் அடியில்தான் அழுத்தம் விழும். இங்கே நான்கு அடியிலும் சமமாகத் தட்டு விழுகிறது. பாட்டுக்குத் தனிப் பல்லவி கிடையாது, நடுவில் திசைமாற்றும் பகுதியும் கிடையாது. ஒரே சுற்றுதான் முதலிலிருந்து முடிவுவரை. நடுவே மைக் டெரியின் பாரிடோன் சாக்ஸபோன் வந்து அதே சுற்றின்மேல் ஊதிவிட்டுப் போகிறது. மேலே எதுவும் மாறாததால் அடியில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பாஸ் கிதார் செய்யும் சின்னச் சின்ன நகர்வுகள்தான் பாட்டை இழுத்துச் செல்கின்றன. அவர் வாசித்தது 1962 ஃபெண்டர் பிரிசிஷன் என்ற பாஸ் கிதார், தட்டைச் சுற்றுக் கம்பிகள், மீட்டியது வலது ஆட்காட்டி விரல் ஒன்றால் மட்டும். கம்பிகளை மாற்றவே மாட்டார். கிதார்களும் பாஸும் ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டி வைத்து மைக்கில் பிடிக்கப்படவில்லை. பொறியாளர் மைக் மக்லீன் அமைத்த முறையில் நேராகப் பதிவு மேசைக்குப் போயின. இல்லாவிட்டால் இவ்வளவு சிறிய அறையில் ஒன்றின் சத்தம் மற்றதன் மைக்கில் கசிந்து எல்லாம் கூழாகியிருக்கும். எட்டுத் தட நாடாக்கருவி இந்தப் பாட்டுக்குப் பிறகுதான் வந்தது. அதுவரை இருந்த மூன்று தடத்தில், அதாவது நாடாவில் தனித்தனியே ஒலி பதியும் மூன்று வரிசையில், முடிக்க வேண்டும் என்றால் என்ன வேண்டும், எது வேண்டாம் என்பதைப் பதிவு நேரத்திலேயே தீர்மானித்தாக வேண்டும்.

கலவை முடிந்ததும் கார் ரேடியோவில் வைப்பது போன்ற மலிவான சின்ன ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்பார்கள். வாங்கப்போகிறவர்கள் முதலில் கேட்கப்போவது ஏ.எம். ரேடியோவில். அதில் அடிமட்ட ஒலி வராது, உச்ச ஒலியும் வராது. பெரிய டிரம்மின் கனம் அங்கே காணாமல் போகும், பலகைத் தட்டு போகாது. வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் கோர்டி கேட்கும் கேள்வி பிரபலம்: கையில் ஒரு டாலர்தான் இருக்கிறது, பசிக்கிறது, இந்தத் தட்டை வாங்குவாயா, சாண்ட்விச் வாங்குவாயா?

மேடையில் இந்தப் பாட்டை வாசிக்க நினைக்கும் குழுக்களுக்கு ஒரு குறிப்பு. இது பெரும்பாலும் கெட்டுப்போவது டிரம்மரால். பழக்கதோஷத்தில் இரண்டு-நான்கில் ஸ்னேர் என்ற சிறு டிரம்மை ஓங்கி அடித்தால் பாட்டு ராக் ஆகிவிடும். ஸ்னேரை அடக்கி வையுங்கள். 18 மி.மீ. பிளைவுட்டில் இரண்டடிக்கு இரண்டடி பலகை ஒன்றை வெறும் தரையில் போட்டு, கெட்டி அடித்தோல் செருப்போடு இருவர் மிதிக்கட்டும். மைக் ஒரு அடி தள்ளி. கார்ப்பெட் மேல் போட்டால் சத்தம் செத்துவிடும். அடுத்த தவறு வேகம். கொஞ்சம் கூட்டினால்கூட அந்தச் சலிப்பு கலந்த கெஞ்சல் போய்விடும். பாடகிக்குச் சுருதி தாழ்வாக இருக்கிறது என்று ஏற்றவும் ஏற்றாதீர்கள்.

மூன்றாம் நாள்: உட்வர்டில் இருப்பதும் இல்லாததும்

இன்றைய இடங்களில் பாதி இடிக்கப்பட்டவை. பழைய படங்களைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

சுப்ரீம்ஸ் மூவரும் வளர்ந்தது பிரூஸ்டர்-டக்ளஸ் குடியிருப்பில். நகரத்தின் கறுப்பின உழைக்கும் குடும்பங்களுக்கு அரசு கட்டிக்கொடுத்த வீடுகள். 1935-இல் எலியனோர் ரூஸ்வெல்ட் வந்து அடிக்கல் நாட்ட, 1938-இல் முதல் பகுதி திறந்தது. பிறகு 14 மாடிக் கோபுரங்கள் எழுந்தன. ராஸ் குடும்பம் இங்கே குடிவந்தபோது அவருக்கு வயது 14. இங்கேதான் 1959-இல் பிரைமெட்ஸ் என்ற பெயரில் குழு தொடங்கியது. பிரைம்ஸ் என்ற ஆண்கள் குழுவுக்குத் தங்கைக் குழுவாக. அந்தப் பிரைம்ஸில் இருந்த எடி கெண்ட்ரிக்ஸும் பால் வில்லியம்ஸும் பின்னாளில் டெம்டேஷன்ஸ் குழுவுக்குப் போனார்கள்.

2008-இல் கடைசிக் குடும்பங்கள் வெளியேறின, 2014-க்குள் எல்லாம் தரைமட்டம். நகர மையத்திலிருந்து ஐ-75 விரைவுச்சாலைப் பக்கமாக வடகிழக்கே, மேக் அவென்யூவுக்குத் தெற்கில் இடம். மிச்சம் நிற்பது பிரூஸ்டர்-வீலர் பொழுதுபோக்கு மையத்தின் செங்கல் கட்டடம். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் பயிற்சி எடுத்த இடம் அது. பகலில் போங்கள், வேலி போட்ட இடங்களுக்குள் நுழையாதீர்கள். போனவுடன் ‘இங்கே என்ன இருக்கிறது’ என்று தோன்றும். உண்மையில் பெரிதாக எதுவும் இல்லை, விரைவுச்சாலையின் இரைச்சலைத் தவிர. கால்மணி நேரம் போதும்.

அங்கிருந்து மேற்கே காஸ் டெக்னிக்கல் உயர்நிலைப்பள்ளி. ராஸ் 1962-இல் படிப்பை முடித்த பள்ளி. அவர் படித்த பழைய கட்டடத்தை 2011-இல் இடித்துவிட்டார்கள். பக்கத்தில் நிற்பது புதியது. பள்ளி வேலைநேரத்தில் வாசலில் நின்று படம் எடுப்பது நல்லதல்ல.

உட்வர்டில் 2211-ஆம் எண் ஃபாக்ஸ் தியேட்டர், 1928-இல் திறந்தது. மோட்டவுன் தன் கலைஞர்கள் அத்தனை பேரையும் ஒரே மேடையில் ஏற்றி நடத்திய கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகள் இங்கேதான். இப்போதும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. உள்ளே பார்க்க எளிய வழி, ஏதாவது ஒரு நிகழ்ச்சிக்கு மலிவான மேல்மாடி இருக்கை வாங்குவது.

அதே சாலையில் 2457-இல் 1968 முதல் மோட்டவுனின் தலைமையகமாக இருந்த டோனவன் கட்டடம் நின்றது. கம்பெனி 1972-இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு மூட்டை கட்டியதும் காலியானது. 2006-இல் சூப்பர் பவுல் ஆட்டத்துக்கு ஊரைத் துப்புரவாக்குகிறோம் என்று இடித்துக் கார் நிறுத்துமிடமாக்கினார்கள். உள்ளே பழைய மோட்டவுன் காகிதங்கள் கிடந்ததாகப் படங்களே சாட்சி. இன்னும் வடக்கே கோர்டி 1963-இல் வாங்கிய கிரேஸ்டோன் நடன அரங்கம். அதுவும் 1980-இல் போனது. இந்த ஊர் பாட்டைக் காப்பாற்றிய அளவுக்குக் கட்டடத்தைக் காப்பாற்றவில்லை.

நான்காம் நாள்: எட்டு மைல் சாலைக்கு அப்பால்

இன்றைக்கு மட்டும் வாடகைக் கார் எடுப்பது புத்திசாலித்தனம். இடங்கள் சிதறிக் கிடக்கின்றன.

முதலில் மேற்குப் பகுதியில் பியூனா விஸ்டா தெரு. அடுத்தடுத்து முதலிடங்கள் வந்து பணம் புழங்கியதும் 1965-இல் மூவரும் இந்த ஒரே தெருவில் ஆளுக்கொரு வீடு வாங்கினார்கள். குடியிருப்புக் கட்டடத்திலிருந்து சொந்த வீட்டுக்கு வர எவ்வளவு காலம் பிடித்தது என்று பாருங்கள்: இந்தப் பாட்டு முதலிடம் வந்து ஒரே வருடம். அதற்குள் ‘வேர் டிட் அவர் லவ் கோ’வையும் சேர்த்து வரிசையாக ஐந்து பாட்டுகள் முதலிடம் தொட்டிருந்தன. அந்த வீடுகளில் இப்போது வேறு குடும்பங்கள் வசிக்கின்றன. காரை ஓட்டிக்கொண்டே பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பாஸ்டன்-எடிசன் பகுதியில் கோர்டி 1967-இல் வாங்கிய மாளிகைக்கும் இதே விதி.

உட்வர்டும் எட்டு மைல் சாலையும் சந்திக்கும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே உட்லான் கல்லறைத்தோட்டம். இதற்கு மட்டும் கார் இல்லாமலும் வரலாம், 4-ஆம் எண் நகரப் பேருந்து உட்வர்டிலேயே ஓடுகிறது. ஜேமர்சன் இங்கே அடக்கம். பாடகி அரீதா ஃபிராங்ளின், கறுப்பின உரிமைப் போராளி ரோசா பார்க்ஸ், ஃபோர் டாப்ஸ் என்ற மோட்டவுன் குழுவின் லீவை ஸ்டப்ஸ் ஆகியோரும் இங்கேதான். அலுவலகத்தில் கேட்டு, இடம் குறித்த வரைபடம் வாங்கிக்கொண்டு நடங்கள். இல்லாவிட்டால் பெரிய மண்டபங்களையே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். ஜேமர்சனின் பெயர் 1964 தட்டில் எங்கும் கிடையாது. மோட்டவுன் தன் வாத்தியக்காரர்களின் பெயரை உறையில் போடத் தொடங்கியது 1971-இல்தான். அந்தப் புகழ்பெற்ற கிதார் 1983-இல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு களவு போனது.

பிறகு வாரன் என்ற புறநகர், பதின்மூன்று மைல் சாலை, டெட்ராய்ட் மெமோரியல் பார்க். வெள்ளையர் கல்லறைகளில் இடம் மறுக்கப்பட்டதால் கறுப்பின வணிகர்கள் ஒன்றுசேர்ந்து 1925-இல் தொடங்கிய தோட்டம். ஃப்ளாரன்ஸ் பேலர்ட் இங்கே இருக்கிறார். குழுவைத் தொடங்கியதில் முதல் பெயர் அவருடையது. 1967-இல் வெளியேற்றப்பட்டார். 1976 பிப்ரவரி 22-இல் இறந்தபோது வயது 32. கல் தரையோடு தரையாக இருப்பதால் இலையுதிர்காலத்தில் சருகுகள் மூடிவிடும். இங்கேயும் அலுவலகத்தில் கேட்பதே வழி. மாலையில் வாசலை அடைத்துவிடுவார்கள், மதியத்துக்குள் வந்துவிடுங்கள்.

ஐந்தாம் நாள்: தட்டு வாங்குவது

ஊருக்குத் திரும்புமுன் பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். மிட்டவுனில் மேற்கு கேன்ஃபீல்ட் தெருவில் தர்ட் மேன் என்ற இசைத்தட்டுக் கடை இருக்கிறது. பின்னால் 2017-இல் தொடங்கிய தட்டு அச்சுக்கூடம். கண்ணாடிச் சன்னல் வழியாகச் சூடான வினைல் உருண்டை இரும்பு அச்சுக்கு நடுவே நசுங்கித் தட்டாவதைப் பார்க்கலாம். ஓரத்தில் பிதுங்கிய மிச்சத்தைக் கத்தி சீவி எடுப்பதையும் பாருங்கள். பழைய 45-கள் (நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சிறிய இசைத்தட்டுகள்) தேட ஈஸ்டர்ன் மார்க்கெட் பக்கத்துக் கடைகள் நல்லவை.

கேட்க வேண்டிய எண் மோட்டவுன் 1060. 1964 ஜூன் 17-இல் வெளியானது. பின்பக்கப் பாட்டு ‘ஹி மீன்ஸ் த வேர்ல்ட் டு மி’. நீல லேபிளில் டெட்ராய்ட் வட்டாரச் சாலை வரைபடம், நகரத்தின் மேல் ஒரு சிவப்பு நட்சத்திரம். இந்தத் தட்டு லட்சக்கணக்கில் விற்றது, ஆகவே அபூர்வம் அல்ல. ‘முதல் பதிப்பு’ என்று சொல்லிப் பெரிய விலை கேட்டால் நகர்ந்துவிடுங்கள். நல்ல நிலையில் இருப்பதுதான் அபூர்வம். விருந்துகளில் போட்டு ஆடித் தீர்த்த தட்டுகள் இவை.

பார்க்கும் முறை இது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். மேலோட்டமான உரசல் கோடுகள் பரவாயில்லை. பள்ளங்கள் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்ததுபோல இருந்தால், கோடே இல்லாவிட்டாலும் வேண்டாம். மழுங்கிய ஊசியில் ஓடியிருக்கிறது, ராஸின் ‘ஸ்’ ஒலியெல்லாம் சீறும். பிறகு லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவேயுள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். அங்கே ஏ.ஆர்.பி. என்ற முத்திரை இருந்தால் மிச்சிகனின் ஓவாசோ ஊரில் அச்சான தட்டு. மோட்டவுனின் 45-களில் ஏராளம் அங்கே அச்சானவை. இன்னொரு சோதனை, தட்டு வினைலா, ஸ்டைரின் என்ற வேறு பிளாஸ்டிக்கா என்பது. ஸ்டைரின் வளையாது, லேபிள் மேலே ஒட்டியதாக இருக்கும், விரல்நகத்தால் தட்டினால் கறாரான சத்தம் வரும். அது சீக்கிரம் தேயும், விழுந்தால் ஓரம் உடையும். அதை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள், சோப்பு கலந்த தண்ணீர் போதும். கடையில் கேட்கும் கருவி இருந்தால் தொடக்கத்துப் பலகைத் தட்டைக் கேளுங்கள். வாத்தியமும் குரலும் இல்லாத அந்தச் சில நொடியில் தட்டின் இரைச்சல் மறைய இடம் கிடையாது.

மோனோவா (இரண்டு காதுக்கும் ஒரே ஒலி) ஸ்டீரியோவா (காதுக்கொன்றாகப் பிரித்த ஒலி) என்ற கேள்வி வரும். 45 மோனோதான், அதுவே சரி. ஆல்பத்தின் ஸ்டீரியோ பதிப்பு 1964 ஆகஸ்ட் இறுதியில் வந்தது. அதில் மூன்று தடத்தையும் இரண்டு காதுக்குப் பிரிக்கும்போது பலகைத் தட்டும் பாஸும் குரலும் ஒன்றாக முட்டும் அழுத்தம் குறைந்துபோகிறது. ஆனால் ஜேமர்சன் என்ன வாசிக்கிறார் என்று படிக்க விரும்புகிறவர்களுக்கு ஸ்டீரியோ வசதி, ஒரு பக்கத்தை அடக்கிவிட்டுக் கேட்கலாம். இணையத்தில் கேட்பவர்களும் எந்தப் பதிப்பு என்று பார்த்துக் கேளுங்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்திருப்பதும் 45-ஆக வந்த இந்தப் பாட்டைத்தான்.

கட்டும்போது ஒரு விஷயம். 45-இன் நடுத்துளை ஒன்றரை அங்குலம். வீட்டுத் தட்டுச்சுழலியில் ஓட பிளாஸ்டிக் நடுவளையம் வேண்டும், கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும், மறக்காமல் இரண்டாக வாங்குங்கள். பழைய காகித உறையிலிருந்து எடுத்துப் புதிய உள்ளுறையில் போட்டு, இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே வைத்து, ரப்பர் வளையம் மாட்டாமல் ஒட்டுநாடாவால் ஓரத்தை ஒட்டுங்கள். ரப்பர் அழுத்தினால் தட்டு வளையும். பெரிய பெட்டியில் போட்டு விமானச் சரக்கறைக்கு அனுப்பாதீர்கள். கைப்பையில் மடிக்கணினிக்குப் பக்கத்தில் நேராக நிற்கட்டும். வாடகைக் காரின் வெயில் படும் பின்னிருக்கையில் அரை மணி நேரம் விட்டாலும் வளைந்துவிடும், அப்புறம் பாரிடோன் சாக்ஸபோன் தள்ளாடும்.

பாதுகாப்புச் சோதனையில் கேட்டால் எடுத்துக் காட்டுங்கள். டெட்ராய்ட் விமான நிலையத்தில் 45 தட்டைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.